மிக்ஸியை நிறுத்தச் சொன்னவர்

பூந்தமல்லி. காலை 7.10.

திருவேற்காட்டிலிருந்து வந்து கதவைத் தட்டி ஓய்ந்த அலீனா, தன்னிடமிருந்த சாவியால் திறந்து உள்ளே வந்தபோது, தனியே வசித்த அவள் தாய் ரோஷன் பேகம் கட்டிலில் குளிர்ந்து கிடந்தார். தலையணை வியர்வையில் நனைந்திருந்தது. அருகில் புத்தம் புதிய இன்சுலின் பேனா.

காலை 9.30. ஆய்வாளர் ராஜகுமாரி வந்தபோது, ரோஷன் பேகத்துக்குச் சிகிச்சை தந்த மருத்துவமனையின் திட்ட ஒருங்கிணைப்பாளர் ஜெகதீஷ் டேப்லெட்டும் கையுமாக முன்பே நின்றிருந்தார்.

"நேத்துதான் இந்தப் பேனாவில முதல் ஊசி, மேடம். நாற்பது யூனிட் குறைஞ்சிருக்கு. டாக்டர் சொன்னது இருபது. தெரிஞ்சேதான் போட்டிருக்காங்க."

"எப்படிச் சொல்றீங்க?"

"அவங்க ஸ்கோர் நூத்துக்கு நூறு."

தன் சிகிச்சையில் நோயாளி எந்த அளவு பங்கெடுக்கிறார் என்பதை அந்த மருத்துவமனை கேள்விகள் கேட்டு அளந்துவந்தது. நிறைய மதிப்பெண் பெற்றவரின் வீட்டுக்குச் செவிலியர் வரமாட்டார். ரோஷன் பேகத்துக்குச் சென்ற வாரம் அந்த வருகை நின்றது.

"நானே இங்க உக்காந்து கேட்டேன்," என்றார் ஜெகதீஷ். "கேள்வியை அவங்களே படிச்சு, அவங்களே தொட்டாங்க. இந்தப் பேனாவில இருபதுன்னு திருப்பி, வாசிச்சும் காட்டினாங்க."

அலீனா சீறினாள். "அப்போ எங்கம்மா தற்கொலை பண்ணிக்கிட்டாங்கன்னு எழுதப் போறியா? ஒரு வேளை தொழுகையை விடாதவங்கய்யா அவங்க! அந்தப் பேரோடவா அவங்களை அடக்கம் பண்ணணும்?"

ராஜகுமாரி மருந்துப் பெட்டியைத் திறந்தார். ஒரு மாத்திரை அட்டையில் ஒரு ரப்பர் பேண்டு, இன்னொன்றில் இரண்டு, வேறொன்றில் மூன்று.

"இது எதுக்கு?"

"தெரியல மேடம். ஒரு வருஷமாவே இப்படித்தான் கட்டி வெக்கிறாங்க."

கீழ்வீட்டு வேம்புலியம்மாள் வாசலில் நின்று மூக்கைச் சிந்தினார். "பாயம்மா தங்கமான மனுஷி மேடம். ராவுல ஊசி போட சொல்லோ மட்டும் கத்தும். 'வேம்புலி, மிக்ஸிய நிறுத்து!'ன்னு. கொஞ்ச நேரம் கழிச்சு, 'இப்ப அரைச்சுக்கோ'ன்னும். நேத்தும் நிறுத்தினேன். ஊசிக்கும் மிக்ஸிக்கும் இன்னா சம்மந்தம்?"

ராஜகுமாரி சட்டென்று திரும்பினார்.

"அலீனா, பழைய பேனா இருக்கா?"

இருந்தது. அதைக் காதருகே வைத்துத் திருகினார். டிக், டிக். ஒரு சத்தத்துக்கு ஒரு யூனிட். பிறகு புதியதைத் திருகினார். ஒரு சத்தத்துக்கு எண் இரண்டாகத் தாவியது.

"உங்கம்மாவுக்குக் கண் தெரியல," என்றார். "மாத்திரையை ரப்பர் பேண்டைத் தடவிக் கண்டுபிடிச்சாங்க. ஊசி மருந்தைக் காதால எண்ணினாங்க. அதுக்குத்தான் மிக்ஸி நிக்கணும். நேத்தும் இருபது சத்தம்தான் எண்ணினாங்க. உள்ளே போனது நாற்பது."

"ஐயோ, என்கிட்ட சொல்லவே இல்லையே!"

"சொன்னா திருவேற்காட்டுக்கு உன் ஃப்ளாட்டுக்கே கூட்டிட்டுப் போயிடுவேன்னு பயந்திருப்பாங்க." ராஜகுமாரி ஜெகதீஷ் பக்கம் திரும்பினார்; குரல் தடித்தது. "பார்வை போனவங்க எப்படிய்யா உன் கேள்வியைப் படிச்சாங்க? எப்படி எண்ணை வாசிச்சுக் காட்டினாங்க?"

ஜெகதீஷ் டேப்லெட்டைக் கீழே இறக்கினார். "ஆவடி, அம்பத்தூர், இந்தப் பக்கம்னு எல்லாத்துக்கும் நான் ஒருத்தன்தான் மேடம். செவிலியர் செலவைக் குறைன்னு மேலேர்ந்து நெருக்கடி... ஆபீஸ்லயே உக்காந்து ஸ்கோரை நானே போட்டுட்டேன். பேனா கூரியர்ல போச்சு."

கூண்டைப் பூட்டத் தெரியுமா என்று கோழிகளைக் கேட்க வந்த நரி ஒன்று உண்டு. கூண்டருகே கூடப் போகாமல், 'எல்லாக் கோழிக்கும் தெரியும்' என்று தானே எழுதிக்கொண்டு, காவல் நாயை அது ஊருக்கு அனுப்பிவிட்டது. அந்த நரியாவது பசித்திருந்தது.

"நர்ஸ் ஒரு தடவை வந்திருந்தா இந்தப் பேனாவைப் பார்த்ததும் தடுத்திருப்பாங்க," என்றார் ராஜகுமாரி. "தன் உடம்பைக் காப்பாத்திக்க ஒரு வீட்டு மிக்ஸியையே நிறுத்தி வெச்ச மனுஷி. அவங்களைக் கொன்னுட்டு, பழியையும் அவங்க மேலயே போடப் பார்த்த."

"தப்புதான் மேடம். ஆனா கொலைன்னு..."

"உக்காரு. கண்ணை மூடு."

புதிய பேனாவை ஜெகதீஷின் காதருகே பிடித்தார்.

"உன் ஸ்கோரைப் பார்ப்போம். இருபது யூனிட் வந்ததும் நிறுத்தச் சொல்லு. சத்தமா எண்ணு."

வேம்புலியம்மாள் மூச்சையும் அடக்கிக்கொண்டார். ராஜகுமாரி திருகத் திருக, ஜெகதீஷ் எண்ணினார். பத்தில் அவர் நாக்கு குழறியது. நிறுத்தச் சொல்லத் தோன்றவில்லை. இருபது என்று முடித்துக் கண்ணைத் திறந்தார்.

பேனாவின் சின்னக் கண்ணாடியில் நாற்பது என்றிருந்தது.

"வண்டியில ஏறு," என்றார் ராஜகுமாரி.