காஹாங் சாலையில் ஒரு தூங்குமூஞ்சி மரம்

பக்கத்தில் வாருங்கள், என் கண்ணுகளா. காலை நீட்டி வசதியாக உட்கார்ந்துகொள்ளுங்கள். ஒரு மரத்தைக் கொல்லப் பார்த்தது யார் என்று தேடிப்போன கதையைச் சொல்கிறேன். ஆளைக் கண்டுபிடித்ததும் மனம் ஆறிவிடுகிற கதைகள் உண்டு. இதைக் கேட்டபின் உங்கள் மனம் என்ன சொல்கிறதென்று நீங்களே பாருங்கள்.

குளுவாங்கிலிருந்து மெர்சிங் போகிற சாலையில், காஹாங்கைத் தாண்டினால் இரண்டு பக்கமும் எண்ணெய்க்காக வளர்க்கிற செம்பனைத் தோட்டம்தான். அங்கே ஓர் இடத்தில் மட்டும் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று குடை விரித்து நிற்கிறது. மாட்டுவண்டிக்காரர்கள் இளைப்பாறிய இடம் என்றும், இது பாதுகாக்கப்பட்ட மரம் என்றும் அடியில் ஒரு கல்லில் பொறித்திருக்கிறார்கள். கல்லை ஒட்டிப் பேச்சியம்மாளின் தேத்தண்ணிக் கடை. லாரிக்காரர்களும் மெர்சிங்கில் படகேறித் தீவுக்குப் போகிற பயணிகளும் அங்கேதான் இறங்கி முகம் கழுவுவார்கள்.

அந்தப் பேச்சியம்மாள் ஒருநாள் காலையில் குளுவாங்கில் டொரத்தியின் வீட்டுக்கு வந்து நின்றார். டொரத்தி நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சிகளின் தமிழை நீதிபதிக்கு மலாய் மொழியில் சொல்லிச் சொல்லியே காது கூர்மையானவர். ஊரில் வம்பு என்றால் அவரைத்தான் தேடி வருவார்கள். அவர் கணவர் யூஜின் சுற்றுலாப் பேருந்து ஓட்டியவர். துப்பறிகிற ஆசை மனைவியைவிட அவருக்குத்தான் அதிகம். யாரும் கேட்காமலே காரின் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

பேச்சியம்மாள் சொன்ன விவரம் இது. மரத்தின் இலைகள் திடீரென்று பழுத்துக் கொட்டின. பார்த்தால் அடிமரத்தில் துளைகள். கடைக்குப் பின்னால் ஒரு கேன். போன மழையில் கிளை முறிந்து கூரையை உடைத்தபோது, இந்த மரம் செத்துத் தொலையட்டும் என்று அவர் எல்லார் முன்னாலும் திட்டியிருந்தார். அது போதாதா? நகராட்சி கடை உரிமத்தைப் பறிக்கப் போகிறது. மரத்தைக் கொன்றவள் என்று போலீசில் புகாரும் கொடுக்கப் போகிறார்கள்.

"திட்டினது நெசம்தான்க்கா," என்றார் பேச்சியம்மாள். "ஆனா அந்த நிழல்லதானே நான் பொழைக்கிறேன்? கடைக்குப் பின்னால மருந்து கேன் இருந்துச்சாம். என்னைக் கேட்டா நான் என்னத்தைச் சொல்ல?"

என்ன மருந்து, சர்க்கரைக்கா என்று யூஜின் கேட்டார். பேச்சியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"புல்லுக்கு அடிக்கிற மருந்துலா. சர்க்கரைக்குக் கேன்லயா குடுப்பாங்க உங்களுக்கு?"

டொரத்தி சிரிக்கவில்லை. கடை எப்போதாவது பூட்டிக் கிடந்ததா என்று மட்டும் கேட்டார். தெப்ராவில் மகளின் பிரசவத்துக்குப் போயிருந்தபோது ஒரு வாரம் பூட்டியிருந்தது என்றார் பேச்சியம்மாள். ஆனால் துளை போட்டது எந்த நாள் என்று யாருக்கும் தெரியாததால் அது அவருக்கு உதவவில்லை.

மூவரும் காரில் போனார்கள். வழியெல்லாம் யூஜின் ஒரே பேச்சு. மரத்துக்கு எதிரே சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிற ரூபேந்திரன்தான் குற்றவாளி, மரம் போனால் அவன் கடைக்கு வழி அகலமாகும் என்றார்.

"நீங்க பஸ் ஓட்டும்போது அங்க ஏன் நிறுத்துவீங்க?" என்று கேட்டார் டொரத்தி.

"நிழலுக்குத்தான்."

"நிழல் போனா அவர் கடைக்கு யாரு வருவா?"

அதன்பின் காஹாங் வரைக்கும் யூஜின் சாலையை மட்டும் பார்த்தார்.

மரம் பார்க்கச் சகிக்கவில்லை. சாலைப் பக்கத்துக் கிளைகள் மொட்டையாக நின்றன. தரையில் இலைகள் அள்ளிக்கொட்டியதுபோல் கிடந்தன. அங்கே ஹேமநாதன் காத்திருந்தார். மரங்களைப் பாதுகாக்கிற குழுவின் தலைவர்; ஜொகூர் பாரு நகரத்தில் வளர்ந்தவர், சிங்கப்பூரில் பொறியாளர் வேலை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

டொரத்தி மரத்தை மெல்லச் சுற்றி வந்தார். துளைகள் எல்லாம் இடுப்பு உயரத்தில், உள்நோக்கிச் சரிந்து, ஒரே மாதிரி இருந்தன. ஒவ்வொன்றின் வாயையும் களிமண்ணால் அடைத்து, கட்டைவிரலால் அழுத்தியிருந்தார்கள். தோட்டத்தில் வயதான செம்பனையைச் சாகடிக்கிற முறை அதுதான் என்று பேச்சியம்மாளே சொன்னார். வேரின் இடுக்கில் ஒரு கரிய வட்டம். சூடம் எரிந்த இடம். பக்கத்தில் குங்குமம் தடவிய பாதி எலுமிச்சை காய்ந்து கிடந்தது. அது தன் வேலை இல்லை என்றார் பேச்சியம்மாள்.

"கும்பிட்டுட்டா கொல்லுவான் ஒருத்தன்?" என்றார் யூஜின்.

"கும்பிட்டுட்டுக் கொல்றவன் கோவத்துல கொல்றவன் இல்லைங்க," என்றார் டொரத்தி. "மனசில்லாம கொல்றவன்."

பிறகு கேன் கிடந்த இடத்தைப் பார்த்தார். ஒளித்துவைத்த இடமாக அது தெரியவில்லை. வெயில் படாத மூலையில், மூடியைத் துணியால் கட்டி, கோழி தட்டிவிடாமல் செங்கல் அணைத்து வைத்திருந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். திரும்ப வந்து எடுக்க நினைத்தவர் வைத்தது.

இந்த மரத்தைக் கடைசியாகத் தொட்டு வேலை செய்தவர் யார் என்று ஹேமநாதனிடம் கேட்டார். அடிமரத்தில் பூஞ்சை பிடித்திருந்ததாம். அதற்காக ரெங்கத்தில் இருக்கிற காளியப்பன் என்ற பெரியவரிடம், மரத்துக்கு மருந்து வைக்கச் சொல்லி ஹேமநாதன் போனில் பேசியிருக்கிறார். காளியப்பன் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கைசுத்தமான மனிதர். தேவையானது தன்னிடமே இருக்கிறது, தானே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லியிருக்கிறார்.

"வச்சாச்சுங்கன்னும் போன்ல சொன்னாரு," என்றார் ஹேமநாதன். "மருந்து வச்ச மரத்துக்கு யாரோ விஷம் வச்சிருக்காங்க மேடம். அதான் எனக்குத் தாங்கல."

டொரத்தி மறுபடியும் மரத்தைச் சுற்றி வந்தார்.

"மருந்தையும் துளை போட்டுத்தானே வைப்பாங்க?"

"ஆமா."

"அப்ப அந்தத் துளை எங்க? இங்க ஒரு விதத் துளைதானே இருக்கு?"

ஹேமநாதனும் குனிந்து அடிமரத்தைத் தேடிப் பார்த்தார். காளியப்பனை வரவழைக்க வேண்டும், ஆனால் எதற்கென்று சொல்ல வேண்டாம் என்றார் டொரத்தி. யூஜின் தானே ரெங்கம் போய் அழைத்துவருவதாகக் கிளம்பிவிட்டார்.

மத்தியானம் எல்லாரும் மரத்தடியில் கூடினார்கள். ரூபேந்திரனும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். காளியப்பன் காரிலிருந்து இறங்கி, மொட்டைக் கிளைகளைப் பார்த்ததும் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். இழவு வீட்டுக்குள் நுழைகிறவர்போல வந்தார்.

டொரத்தி நீதிமன்றத்தில் பேசுகிற நிதானத்தில் கேட்டார். "காளியப்பண்ணே, இந்த மரத்துக்கு விஷம் வச்சது யாரு?"

"விஷமா? எனக்குத் தெரியாதுங்களே."

"மருந்து வச்சது?"

"நான்தாங்க. பெரிய மரம், ஒரு தடவையில போகாது. இன்னொரு தடவை வைக்கணும்னு கேனைக்கூட கடைக்குப் பின்னால வச்சுட்டுப் போனேன். அம்மா கடை பூட்டியிருந்துச்சு."

ரூபேந்திரன் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

டொரத்தி ஹேமநாதன் பக்கம் திரும்பினார். "நீங்க ஜொகூர் பாருல வளர்ந்தவரு. உங்களுக்கு மருந்துன்னா உசுரு குடுக்கிறது. தோட்டத்துல மருந்துன்னா உசுரு எடுக்கிறது ஒண்ணுதான். புல்லுக்கு அடிக்கிறது, பழைய மரத்துக்கு வைக்கிறது. பேச்சியம்மா எங்க வீட்டுக்கு வந்தப்பவே அந்தக் கேனை மருந்து கேன்னுதான் சொன்னாங்க. விஷம்ங்கிற பேச்சே அவங்க வாயில வரல. துளையைப் பார்த்தப்ப செஞ்சது தோட்டத்து ஆளுன்னு தெரிஞ்சது. சூடத்தைப் பார்த்தப்ப மனசில்லாம செஞ்சாருன்னு தெரிஞ்சது. அப்ப யாரோ செய்யச் சொல்லியிருக்கணும். போன்ல சொன்னது நான்தான்னு நீங்களே சொன்னீங்க."

காளியப்பனுக்கு மெல்லத்தான் புரிந்தது. புரியப் புரிய அவர் முகம் சுருங்கிக்கொண்டே போனதை நான் எப்படிச் சொல்வேன்!

"நான் கேட்டனேய்யா," என்றார் ஹேமநாதனிடம். "நல்ல மரமாச்சுங்களே, எதுக்குங்கன்னு கேட்டனே."

ஹேமநாதன் தலையைக் குனிந்துகொண்டார். "கேட்டீங்க. பூஞ்சைன்னு நான் சொல்லவே இல்ல. நல்ல மரம்னாலதான் சொல்றேன், சீக்கிரம் வைங்கன்னு சொன்னேன்."

"ரோட்டைப் பெருசாக்கப் போறாங்க போலன்னு நெனச்சேன். படிச்சவங்க சொன்னா காரணம் இருக்கும்னு… சூடம் கொளுத்தி, தாயே மன்னிச்சுக்கன்னுட்டுத்தான் துளையப் போட்டேன்."

போலீசில் தானே போய்ச் சொல்லிவிடுவதாகக் காளியப்பன் கிளம்பினார். ஹேமநாதன் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். சொன்னவன் நான், என் பெயர்தான் முதலில் வரவேண்டும் என்றார். அன்று மாலையே இருவரும் நகராட்சிக்குப் போய் நடந்ததைச் சொன்னார்கள். பேச்சியம்மாளின் உரிமம் தப்பியது. அவர் பெயரும் தப்பியது.

மரம்? அதைக் கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். மர வைத்தியர்கள் வந்து துளைகளைத் திறந்து கழுவினார்கள். சாலைப் பக்கம் முழுவதும் வெட்ட வேண்டியதாயிற்று. செம்பனைப் பக்கத்துக் கிளைகளில் இன்னும் பச்சை இருக்கிறது. பிழைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்கவில்லை.

காளியப்பன் இப்போதும் ரெங்கத்திலிருந்து பஸ் மாறி மாறி வருகிறார். வேருக்குத் தண்ணீர் ஊற்றுவார். ஊற்றி முடித்ததும், மிச்சம் இருக்கிற அந்த அரை நிழலுக்குள் நிற்காமல் வெளியே வெயிலுக்குப் போய்விடுவார். பேச்சியம்மாள் பலமுறை உள்ளே கூப்பிட்டுப் பார்த்தார். ஒருநாள் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, இரண்டு தேத்தண்ணி ஆற்றி, ஒரு முக்காலியையும் தூக்கிக்கொண்டு போய், வெயிலில் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"குடிங்கண்ணே," என்றார். "ஆறிடும்."

கதை இவ்வளவுதான், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் சொல்லும் சொல் மற்றவர் நெஞ்சில் அதே பொருளோடு போய்ச் சேரட்டும். உங்கள் வாசலுக்கு வருகிறவர்கள் களைப்பு நீங்கிப் போகட்டும். உங்கள் பிள்ளைகள் போகிற வழியெல்லாம் நிழல் இருக்கட்டும்.