ஒன்பதாம் வளைவில் வெள்ளைக் கொடி

சனிக்கிழமை. பிற்பகல் 2.41.

ஒன்பதாம் வளைவில் ஒரு பைக் சறுக்கியது. ஓட்டியவர் உருண்டு, எழுந்து, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் ட்ராக்கின் நடுவிலேயே நின்றார். சில விநாடிகளில் அடுத்த பைக் வந்தது. அது வேகத்தைக் குறைக்கவே இல்லை.

2.58-க்கு டாக்டர் கையை விரித்துவிட்டார்.

திங்கட்கிழமை. காலை 10.15.

இன்ஸ்பெக்டர் அம்மாவுக்கு ஸ்டேஷனில் 'அப்புறம்' என்று பட்டப்பெயர். யார் எதைச் சொன்னாலும், சொல்லி முடித்தாலும்கூட, "அப்புறம்?" என்பார். பைக் பந்தயத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அது காதைக் கிழிக்கும் என்பதுதான். மாலை நான்கு மணிக்குள் அறிக்கை கொடுத்தாக வேண்டும். யார் பெயரை எழுதுவது என்று ட்ராக் ஆபீஸில் எல்லோரும் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் பெயருக்கு உரியவள் எதிர் நாற்காலியில் இருந்தாள். ஞாயிறும் சனியும் வளைவில் நின்று கொடி காட்டும் மார்ஷல். மற்ற நாட்களில் பெயின்ட் கடையில் நிறம் கலக்கும் வேலை. மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாதவள் எங்கள் கடைக்கு எதற்கு என்று முதலாளி காலையிலேயே போனில் கேட்டுவிட்டாராம். வேலை போவது ஒருபக்கம் இருக்கட்டும், அறிக்கையில் பெயர் ஏறினால் ஜெயில்.

விஷயம் சின்னதுதான். இந்த ட்ராக்கில் மஞ்சள் கொடி என்றால் முன்னால் ஆபத்து, வேகத்தைக் குறை. வெள்ளைக் கொடி என்றால் தூறல் ஆரம்பிக்கிறது, வழுக்கும். இரண்டும் ஒரே குழாயில் செருகி வைக்கப்பட்டிருக்கும். மோதிய பையன் தான் பார்த்தது வெள்ளை என்கிறான். இவள் காட்டியது மஞ்சள் என்கிறாள். கேமரா முன்னால் போன கூட்டத்தின் பின்னாலேயே போய்விட்டது. கூட நின்ற மார்ஷலோ விழுந்தவரை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் என்ன கொடி ஆடியது என்று அவர் முதுகுக்கா தெரியும்?

"மோதினதும் கொடியைப் போட்டுட்டு ஓடினேன்," என்றாள். "திரும்பி வந்தா ரெண்டு கொடியும் தரையில கிடக்குது. குழாய் சாஞ்சு கிடக்குது."

"அப்புறம்?"

"மஞ்சள்தான்னு சத்தியம் பண்ணுவேன் மேடம். பண்ணி முடிச்சதும் நிஜமாத்தானான்னு என்னையே கேட்டுக்குவேன். நேத்து முழுக்க அடுப்படியில நின்னு கையை ஆட்டி ஆட்டிப் பார்த்தேன். இப்போ கைக்கும் ஞாபகம் இல்லை."

பொய் சொல்பவர்கள் இவ்வளவு தடுமாற மாட்டார்கள். ஆனால் தவறு செய்தவர்களும் இப்படித்தான் தடுமாறுவார்கள். 

வெளியே வராந்தாவில் இறந்தவரின் அக்கா உட்கார்ந்திருந்தார்.  கொடிக்காரி கடந்து போனபோது முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

11.00.

மோதிய பையனைப் 'பம்பரம்' என்று கூப்பிட்டார்கள். தோள்பட்டையில் கட்டு. கூடவே நிழல்மாதிரி அவனுடைய தாய்மாமா. அணியின் மேனேஜரும் அவரே. மாமாவை வெளியே உட்காரச் சொன்னபோது, மருமகனை ஒருதரம் ஆழமாகப் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தார்.

பையன் அழுதிருந்தான். கொடியைத் தெளிவாகப் பார்த்ததாகச் சொன்னான். தூறல் என்று நினைத்து வானத்தை ஒரு நொடி பார்த்தானாம். கண்ணைக் கீழே இறக்கினால் எதிரே ஆள்.

"மேகமூட்டமா இருந்துச்சே. சரியாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுது மேடம். வெயில் அடிச்ச மாதிரி பளிச்சுன்னு இருந்துச்சு. கொடி வெள்ளை. காட்டின பொண்ணு போட்டிருந்த ஜாக்கெட்கூட வெள்ளை. வேணும்னு சொல்லலை. அவங்க மேல எனக்கு என்ன கோபம்?"

ஹெல்மெட் கண்ணாடியில் அழுக்கு ஏதாவது இருந்ததா என்று கேட்டார். இல்லை என்றான். கண்ணாடிமேல் மெல்லிய பிளாஸ்டிக் தாள் மூன்று ஒட்டிக்கொண்டு கிளம்புவானாம். பூச்சி அடித்து மறைத்தால் மேல்தாளை உரித்து எறிந்துவிடுவான். சனிக்கிழமை ஒரு தாள் உரித்தான், இரண்டாவது சுற்றில்.

11.40.

சோதனை அறையில் அவனுடைய ஹெல்மெட் மேஜைமேல் இருந்தது. நெற்றியில், கன்னத்தில் எல்லாம் பூச்சிகள் அப்பிக் காய்ந்திருந்தன. கண்ணாடி தெளிவாகப் பளபளத்தது. அதன் ஓரத்தில் மூன்று பிளாஸ்டிக் தாள்களின் நுனிகள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஹெல்மெட்டை யார் கொண்டுவந்து கொடுத்தது என்று கேட்டார். மாமாதான். விபத்து நடந்து ஒரு மணி நேரம் கழித்து.

இன்ஸ்பெக்டர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒன்றும் புரியவில்லை. இரண்டு பேரும் உண்மை பேசுகிறார்கள், ஆனால் இரண்டு உண்மைகளும் ஒரே இடத்தில் நிற்க மறுக்கின்றன.

பிற்பகல் 1.10.

கொடிக்காரி ஸ்டோரில் சாமான்களைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனி அவள் இங்கே வேண்டாமாம். ஸ்டோர்காரர் மூக்குக்கண்ணாடியை இறக்கி, உரக்கச் சொல்லிக்கொண்டே எழுதினார்: விசில் ஒன்று, கையுறை ஒரு ஜோடி, மஞ்சள் ஜாக்கெட் ஒன்று.

இன்ஸ்பெக்டர் டீ டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். "வெள்ளை ஜாக்கெட் யாருக்காவது கொடுக்கறதுண்டா?"

"மார்ஷல் எல்லாருக்கும் மஞ்சள்தாங்க. நானே மாத்திக் கேட்டாலும் கிடைக்காது," என்றார் ஸ்டோர்காரர்.

அதன்பிறகு இன்ஸ்பெக்டர் விதிப் புத்தகத்தைக் கேட்டு வாங்கினார். ஒரு மணி நேரம் யாரிடமும் 'அப்புறம்' சொல்லவில்லை. கான்ஸ்டபிள் பயந்தே போனார்.

3.20.

சோதனை அறை. பந்தய அதிகாரி, பம்பரம், மாமா. நடுவில் ஹெல்மெட்.

"தம்பி, அந்தப் பொண்ணு போட்டிருந்தது மஞ்சள் ஜாக்கெட்," என்றார் இன்ஸ்பெக்டர். "கொடி மட்டும் மாறியிருந்தா, கை தவறிடுச்சுன்னு சொல்லலாம். ஜாக்கெட்டும் மாறுமா? உனக்கு அன்னைக்கு மஞ்சள் எல்லாமே வெள்ளையாத் தெரிஞ்சிருக்கு."

பையன் விழித்தான்.

மங்கலான நாளில் வெளிச்சத்தைத் தூக்கிக் காட்ட, ஹெல்மெட்டில் மாட்டும் மஞ்சள் கண்ணாடி ஒன்று உண்டு என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். போட்டுக்கொண்டு நாலு சுற்று ஓட்டினால் கண் அதற்குப் பழகிவிடும். பழகிய கண்ணுக்கு மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுதான். அதனால்தான் இந்த ட்ராக்கில் நிறம் போட்ட கண்ணாடிக்குத் தடை.

மாமா சிரிக்க முயன்றார். கண்ணாடி இதோ இருக்கிறதே, தண்ணீர்மாதிரி இருக்கிறதே என்றார்.

"இருக்கு. ஹெல்மெட் முழுக்கப் பூச்சி, கண்ணாடியில ஒண்ணுகூட இல்லை."

"தாளை உரிச்சிருப்பான். அதோட போயிருக்கும்."

"உரிச்சான். ஒண்ணு. அப்போ ரெண்டுதானே இருக்கணும்? எண்ணிப் பாருங்க."

மாமா எண்ணவில்லை. பையன்தான் எண்ணினான். ஒவ்வொரு நுனியாக விரலால் தொட்டு, இரண்டு தடவை. பிறகு மாமாவைப் பார்த்தான்.

"மாமா, காலையில நீங்க மஞ்சள் கண்ணாடிதானே மாட்டி விட்டீங்க? மேகமா இருக்குன்னு சொன்னீங்களே. கேட்டா மட்டும் சொல்லுன்னீங்க. யாரும் கேக்கலை." அவன் ஹெல்மெட்டைத் தள்ளி வைத்தான். "அது கூடாதுன்னு எனக்குத் தெரியாதே மாமா. விதியெல்லாம் நீங்கதானே படிப்பீங்க."

மாமா நாற்காலியில் சரிந்தார். உன் வாழ்க்கை போய்விடுமே என்றுதான் செய்தேன் என்று முனகினார். ஆம்புலன்ஸ் கிளம்பின குழப்பத்தில் கழற்றி, புதிதாக வேறொன்றை மாட்டினாராம். பழையது இன்னும் அவருடைய வேனில்தான் இருந்தது.

"மாட்டினது தப்பு," என்றார் இன்ஸ்பெக்டர். "அதைக்கூடத் தெரியாம செஞ்சேன்னு சொல்லியிருக்கலாம். கழட்டிட்டு, ஒரு பொண்ணை ரெண்டு நாளா அவ கையையே சந்தேகப்பட வெச்சீங்களே, அது குற்றம்."

கான்ஸ்டபிள் மாமாவின் தோளைத் தொட்டார். பையன் எழுந்திருக்கவில்லை. பொய் சொல்லவில்லை என்று நிரூபணமாகிவிட்டது. ஆனாலும் மோதியது அவன்தான். அதற்கு என்ன செய்வது என்று எழுத இன்ஸ்பெக்டரின் அறிக்கையில் இடம் இல்லை.

3.50.

வராந்தாவில் கொடிக்காரியிடம் விஷயத்தைச் சொன்னார். அவள் சந்தோஷப்படுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ, மஞ்சளா, நிச்சயமா மஞ்சள்தானா என்று மூன்று தடவை கேட்டுவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பெஞ்சின் மறுமுனையில் அக்கா இத்தனையும் கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து வந்து அவளுக்கு எதிரே நின்றார். இரண்டு நாளாக வாயில் அடைத்து வைத்திருந்தது வெளியே வந்தது.

"மோதினதும் நீ அவன்கிட்ட ஓடினியாமே. ஏதாவது பேசினானா?"

கொடிக்காரி ஆமென்று தலையசைத்தாள். "எத்தனாவது ரவுண்டுன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்னே?"

"கடைசி ரவுண்டுன்னு சொன்னேன்கா. பொய்தான், இன்னும் நிறைய பாக்கி இருந்துச்சு."

அக்கா அவளுடைய கையைப் பிடித்து, பக்கத்தில் உட்கார வைத்தார்.