நீலச் சட்டை எந்த வரிசை?

“அவ எழுதினது தப்புன்னா, நீ பேசினது இன்னாடா?”

“எத்தன தடவக்கா சொல்றது...”

“‘பொண்டாட்டி வேலைக்குப் போனா வூட்ல சோறு ஆறிப்போவும்’னு டிவியில சொன்னியா இல்லியா? மீன் கூடைய தலையில சொமந்து உன்ன ஐடிஐ படிக்க வச்சவ நானு. நான் வேலைக்குப் போவாம உக்காந்திருந்தா உனக்கு ஏதுடா சோறு, ஆறிப்போவறதுக்கு?”

நோணாங்குப்பம் படகுச் சவாரி வரிசையில் முன்னால் நின்ற அக்காவும் தம்பியும்தான் இப்படிப் பொரிந்துகொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற வினோதா சோளத்தைக் கடித்தபடி காது கொடுத்துக் கேட்டாள். அடுத்தவர் சண்டை என்றால் அவளுக்கு டிவி மாதிரி. சுவாரசியமாகத்தான் இருந்தது... அந்த அக்கா அடுத்ததைச் சொல்லும்வரை.

“எவளோ ரிமோட் ராணியாம். ‘இந்த நீலச் சட்டையக் கட்டிக்கறதுக்கு ஒரு குக்கரக் கட்டிக்கலாம், சோறாவது சூடா இருக்கும்’னு எழுதி வச்சிருக்கா. ஊரே படிச்சிட்டு சிரிக்குது. கடலூர் பொண்ணு வூட்ல வேணாம்னுட்டாங்க. அவ மட்டும் என் கையில கெடைக்கட்டும்...”

சோளம் வாயருகிலேயே நின்றுவிட்டது.

ரிமோட் ராணி... வினோதாவேதான்.

கருவடிக்குப்பத்துப் பெண். முத்தியால்பேட்டையில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. வீட்டுக்கு வந்தால் டிவி. எந்த நிகழ்ச்சி நன்றாக இருந்தது, எந்த ஆங்கர் சொதப்பினார் என்று பேஸ்புக்கில் ‘ரிமோட் ராணி’ பக்கத்தில் மனதில் பட்டதை எழுதுவாள். போட்டோ கிடையாது, சொந்தப் பெயர் கிடையாது. ஆனால் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுதுவாள், எழுதியதை அழிக்க மாட்டாள். அதனால்தான் ஜனங்கள் நம்புகிறார்கள் என்று அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

நழுவிவிடலாம் என்று பார்த்தாள். கூட வந்த தோழி சுமலதா டிக்கெட் கவுண்டரில் நின்றாள். அதற்குள் மழை... சடசடவென்று கொட்டியது. படகை நிறுத்திவிட்டார்கள். வரிசை மொத்தமும் தகரக் கூரைக்கு அடியில் ஓடியது. வினோதா ஓடிப்போய் மோதியது அந்த நீலச் சட்டை ஆள்மேல். இன்று வெள்ளைச் சட்டை.

அவன் திரும்பினான்.

நாள் முழுக்க கண்களைப் பார்ப்பதுதான் வினோதாவின் தொழில். எத்தனையோ கண்களுக்கு ஃபிரேம் மாட்டிப் பார்த்திருக்கிறாள். ஒரு நாளும் அவள் பார்வை இப்படித் தரைக்குப் போனதில்லை... மழைத்துளி தொங்கிய இமைகள், உள்ளே சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற கண்கள். டிவியில் இது தெரியவே இல்லையே...

“தண்ணி தெறிக்குது பாருங்க, உள்ள தள்ளி நில்லுங்க.”

“பரவால்ல... நீங்க டிவியில அந்த ‘ரெண்டு வரிசை’ விவாதத்துல வந்தவர்தானே?”

அவன் தலையில் கை வைத்துக்கொண்டான். “நீங்களுமா? ஊர்ல யாருக்கும் வேற வேலயே இல்லியா?”

“ஞாயித்துக்கெழம வேற எத பாக்கறது? அந்தப் பாட்டுப் போட்டியா? பாடறவங்க அழுவறதுக்கு முன்னாடி ஆங்கர் அழுதுடுது.”

அவன் சிரித்துவிட்டான். “அதாவது தேவல. சமையல் போட்டி ஆங்கரப் பாத்தீங்களா? ஸ்பூன் வாய்க்குப் போறதுக்குள்ள கண்ண மூடிகினு ‘ம்ம்ம்’ம்பாரு.”

“ஆமாங்க, அதப்பத்தி நான் எழுதி...” நாக்கைக் கடித்துக்கொண்டாள். “எழுதி மாட்டலாம்னு தோணும்.”

“ஆனா ‘ரெண்டு வரிசை’ தாடிக்காரரு நல்லா நடத்துவாருங்க.”

“யாரு, அவரா? நல்லா பேசிட்டு வரும்போது ‘ஒரு சின்ன இடைவேளை’ன்னு கத்தரி போடுவாரே... எனக்கு டிவியையே ஒடைக்கலாம்போல இருக்கும்.”

கூரையின் அந்தக் கோடியில் அக்கா துர்கா முந்தானையைப் பிழிந்துகொண்டு முறைத்தாள். இவர்களுக்கு அது தெரியவில்லை. அவன் பெயர் அரிகிருஷ்ணனாம். தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் படகு இன்ஜின் ரிப்பேர் பார்க்கிறானாம். அவளும் கடையைச் சொன்னாள். மழை பெய்யட்டும், பெய்யட்டும் என்று இருந்தது.

“சரி, அப்படி ஏங்க பேசினீங்க?” கேட்டேவிட்டாள்.

“நான் போனது ‘மனைவி வேலைக்குப் போகணும்’ வரிசைக்குத்தாங்க. இடைவேளையில காதுல மைக் மாட்டின பொண்ணு ஒண்ணு வந்துச்சி. ‘எதிர் வரிசையில ஆளு கம்மிண்ணா, அங்க போய் உக்காருங்க’ன்னுச்சி. உக்காந்தேன். மைக்க நீட்டிட்டாங்க... நாங்கல்லாம் கடக்கர ஆளுங்க. எவன் போட்ல ஏறினோமோ அவன் வலயத்தான் இழுக்கணும். அந்த வரிசையில உக்காந்துட்டு அவங்களுக்கே எதிரா பேசினா துரோகமில்லியா? இழுத்தேன். நல்லாவே இழுத்துட்டேன் போல.”

வினோதாவுக்குச் சிரிப்பும் வந்தது, தான் எழுதிய வரியும் ஞாபகம் வந்தது.

“ஆனா ரிமோட் ராணிய நான் திட்ட மாட்டேங்க,” என்றான். “அவங்க எழுதறத எல்லாம் படிப்பேன். நம்ம மனசுல இருக்கறத அப்படியே எழுதுவாங்க.”

அதற்குமேல் அவளால் மறைக்க முடியவில்லை.

“அது... நான்தாங்க.”

அவன் முகத்தில் வந்தது கோபமா, வருத்தமா... தெரியவில்லை.

“இப்ப நெசம் தெரிஞ்சிபோச்சில்ல,” என்றான் மெதுவாக. “ஒரு வரி மாத்தி எழுதுங்களேன். எனக்காக இல்ல. எங்கக்கா வெளியில தல காட்ட முடியல. மார்க்கெட்ல ‘இன்னா துர்கா, சோறு சூடா இருக்கா’ன்னு கேக்கறாளுங்க.”

எழுதுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். கர்வம் விடவில்லை.

“நீங்க சொன்னத மட்டும் நம்பி எப்படிங்க எழுதறது? நான் கண்ணால பாத்ததத்தான் எழுதுவேன்.”

“அப்ப நான் பொய் சொல்றேன்.” அவன் கண்கள் சட்டென்று அணைந்தன. “சரிங்க.”

மழை விட்டது. அக்காவும் தம்பியும் முதல் படகில் ஏறினார்கள். அவன் திரும்பியே பார்க்கவில்லை.

மறுநாள் மதியம் கடையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அந்த நிகழ்ச்சியை போனில் மறுபடி போட்டாள். இடைவேளைக்கு முன்னால் கேமரா அரங்கம் முழுவதையும் காட்டியது. ‘வேலைக்குப் போகணும்’ என்ற வலது வரிசைக் கடைசியில்... நீலச் சட்டை. இடைவேளைக்குப் பிறகு இடது வரிசையில். இத்தனை பார்க்கிற கண்ணுக்கு இது எப்படித் தப்பியது? இன்னொன்றும் இருந்தது. எதிர் வரிசையில் ஒரு அம்மா எழுந்து, கட்டட வேலைக்குப் போய்த் தன் பிள்ளைகளை வளர்த்த கதையைச் சொன்னார். இடது வரிசை மொத்தமும் கல்லாட்டம் உட்கார்ந்திருக்க, நீலச் சட்டைக்காரன் ஒருத்தன் மட்டும் கை தட்டினான்... அப்புறம் சுற்றிப் பார்த்துவிட்டுக் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டான்.

வினோதா எடுத்த சோற்றை வைத்துவிட்டு எழுதினாள். பழையதை அழிக்கவில்லை. அதன் கீழேயே, பார்த்ததை எல்லாம் எழுதி, இடைவேளைக்கு முன்னும் பின்னும் உள்ள இரண்டு காட்சிகளையும் படமாகப் போட்டாள். ‘நாற்காலியை மாற்றிவிட்டார்கள், கையை மாற்ற முடியவில்லை. அவசரப்பட்டது ரிமோட் ராணிதான்.’

அது பரபரவென்று பரவியது.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கடைக்கு முன்னால் ஸ்கூட்டி நின்றது. துர்கா முன்னால், அரிகிருஷ்ணன் பின்னால். வினோதா துடைத்துக்கொண்டிருந்த ஃபிரேமோடு எழுந்து நின்றாள்.

“நீதானா அது?” துர்கா மேலும் கீழும் பார்த்தாள். “நீ எழுதினத படிச்சிட்டு கடலூர்லேர்ந்து போன் பண்ணாங்க. சம்பந்தம் பேசலாம்ங்கிறாங்க.”

கையிலிருந்த ஃபிரேம் கண்ணாடி மேஜையில் விழுந்தது. எழுதியதே நான்தான்... என் கையாலேயே அனுப்பி வைத்துவிட்டேனா...

“ந... நல்லதுக்கா. நல்ல எடம். போய்ட்டு வாங்க.”

“எங்க போறது? இவன் மாட்டேங்கிறான். ஏன்டான்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறான். டிவியில மட்டும்தான் பேசுவான் போல. அதான் இட்டுகினு வந்தேன். சொல்றா, இங்கயே சொல்லு.”

அவன் காது சிவந்தது. அவளைப் பார்த்தான். அணைந்துபோன கண்கள் இப்போது...

“எனக்கு கடலூர் வேணாங்க. மழையில ஒங்ககூட நின்னு பேசினதுலேர்ந்து டிவியே பாக்கப் புடிக்கல. எத பாத்தாலும், இதுக்கு நீங்க இன்னா சொல்லுவீங்கன்னே தோணுது. பக்கத்துல உக்காந்து நீங்க சொல்லணும், நான் கேக்கணும். இத யாரும் சொல்லச் சொல்லி சொல்லலங்க... நானாதான் சொல்றேன்.”

அத்தனை ஆங்கர்களையும் கிழித்துத் தொங்கவிட்ட வாயிலிருந்து ஒரே ஒரு வார்த்தைதான் வந்தது.

“எனக்கும்தான்...” என்றாள், குனிந்துகொண்டே.

துர்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “கல்யாணத்துக்கப்புறம் வேலைக்குப் போவியா?”

“போவேன்க்கா.”

“போவணும். நின்னேன்னு தெரிஞ்சிது, நான் வந்து கேப்பேன்.” சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கண் கலங்கியதை மறைக்கத்தான்.

இப்போது எல்லோருக்கும் சந்தோஷம். வினோதாவுக்கு மட்டும் ஒரு கவலை. அவள் பேஸ்புக் பக்கத்தில் ‘நீலச் சட்டைக்கு என்ன ஆச்சு?’ என்று தினமும் கேட்கிறார்கள். தான்தான் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னால், ‘ஓ, அதான் மாத்தி எழுதினியா’ என்பார்கள். சொல்லாமல் விட்டால், பார்த்ததை மறைக்காமல் எழுதுகிறவள் என்ற பேச்சுக்கே அர்த்தமில்லை. அரிகிருஷ்ணன் சொல்லு என்கிறான், துர்கா வேண்டாம் என்கிறாள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? வினோதா சொல்லலாமா, கூடாதா? ஒரு வரியாவது கீழே எழுதுங்கள்.