கல் விளையாத குழாய்

கோமளா கேட்கத்தான் போகிறாள். தன் தம்பியைக் கொன்ற தண்ணீரையே திரும்பக் கேட்கப் போகிறாள். அதற்குத்தான் இவ்வளவு நலம் விசாரிப்பு என்று நினைத்துக்கொண்டாள் நிறைமதி.

அவள் கணவனின் அக்கா கோமளா, நீரேற்று நிலையத்து மேசையில் ஒரு கல்லை வைத்து புறஊதா விளக்கைக் காட்டினாள். கல் பச்சையாகச் சுடர்ந்தது. உளுந்தளவுதான் இருக்கும்.

"இத வச்சுக்கிட்டு என் பொண்ண எப்படி மணமேடைல உக்கார வைப்பேன், மதி? மாப்பிள்ள வீட்ல விரல் நீளம் எதிர்பாக்குறாங்க."

துத்தநாகமும் ஆர்சனிக் நஞ்சும் கூடி விளையும் கல் அது. கைவிட்ட சுரங்கங்களில் தாது காற்றிலும் ஈரத்திலும் சிதைந்து, ஆயிரமாயிரம் ஆண்டுகளில் எங்கோ ஒரு பாறை வெடிப்பில் அரும்பும். அருங்காட்சியகத்தில் மட்டுமே பார்க்கக் கிடைத்த அதை நிறைமதியின் மூப்புக்கலம் வீட்டுக்கு வீடு விளைவித்தது. பாறையின் மூப்பை ஒரு பொழுதில் நடத்தி முடிக்கும் கலம். அதிலுள்ள துத்தநாகத் தகடு கரைந்து, சுரங்க ஊற்றுநீரின் நஞ்சைக் கட்டிக் கல்லாக்கிவிடும். பிறகு குடிக்கலாம்.

அந்த நீருக்குக் கணவனைப் பறிகொடுத்த ஆண்டில் செய்தது. ஊரோ அந்தக் கல்லை நகையாக்கிக்கொண்டது. பிறந்த வீட்டுக் குழாயில் விளைந்த கல்லோடுதான் பெண் மணமேடை ஏற வேண்டுமென்று வழக்கமாயிற்று. கலத்தையே நம்பியிருக்க வேண்டாமென்று அவள் ஊற்றை அடைத்து ஆற்றுநீரைக் கொண்டுவந்தாள். நஞ்சு தீர்ந்தது. கல்லும் தீர்ந்தது; கோமளா வீட்டில் அதற்குமுன் விளைந்தது இந்த உளுந்தளவுதான். ஒருவர்கூட நன்றி சொல்லவில்லை.

"ஊர்க்குழுவுல முடிவாயிருச்சு. ஊத்தத் திறந்துவிடணும். பூட்டு உன் கை பட்டாத்தான் திறக்குமாமே?"

"அது விஷம், அண்ணி."

"அதான் கலம் பிடிச்சுக்குமே! நீ செஞ்சதுல உனக்கே நம்பிக்கை இல்லையா?"

"கலத்த எந்த வேகத்துல ஓட்டினீங்க?" பதில் தெரிந்தேதான் கேட்டாள்.

கோமளா சிரித்தாள். "வேகமா ஓட்டினா மாவால்ல உதிருது! எல்லார் வீட்லயும் குறைச்சுத்தான் வச்சிருந்தோம். மெல்ல ஓடினாத்தானே கல்லு பெருசா வரும்?"

மெல்ல ஓடினால் நஞ்சில் பாதிதான் கல்லாகும். மீதி குடத்துக்குப் போகும். இதை எத்தனை கூட்டத்தில், எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பாள்! தொண்டை வறண்டதுதான் மிச்சம். கோபம் இவர்கள் மேலா, நஞ்சை இவ்வளவு அழகாக்கித் தொலைத்த தன் மேலா என்று அவளுக்கே புரியவில்லை.

"அவன் இருந்திருந்தா அக்கா பொண்ணுக்காக இதக்கூடச் செய்யமாட்டானா?" கோமளாவின் குரல் உடைந்தது. நடிப்பில்லை. "கல்யாணம் நின்னுபோச்சுன்னா?"

பூட்டுப் பலகை மேசைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. கையை நீட்டினால் போதும்.

நிறைமதி இரண்டு கைகளையும் கோத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிக்கட்டும், அண்ணி."