நீக்கினாலும் ஓடும்

மாடிப்படியில் ஒரு படி குறைந்திருந்தது.

கொடியிலிருந்து எடுத்த ஈரத்துணிகளை ஒரு கையிலும் ஐந்து மாதக் குழந்தை தூபாவைத் தோளிலுமாகச் சுமந்துகொண்டு, வழக்கம்போல ஒன்று, இரண்டு என்று குழந்தையின் காதில் எண்ணியபடி ஏறி வந்த கமர் ஜஹான், பதின்மூன்றாவது படிக்காகக் காலைத் தூக்கினாள். படி இல்லை. தூக்கிய கால் மேல்தளத்தில் தொப்பென்று இறங்கியது. தூபா திடுக்கிட்டு அவள் கழுத்தைப் பற்றிக்கொண்டாள். கமர் இறங்கிப் போய் மறுபடி எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டுதான். இடித்த அடையாளமோ பூசிய தடமோ எங்கும் இல்லை. கைப்பிடிக் கம்பி கீழிருந்து மேல்வரை ஒரே சீராக ஓடியது.

தூக்கம் கெட்ட தலை, எண்ணிக்கை தப்பியிருக்கும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

அது 1998 நவம்பர். காலையிலிருந்து விடாத மழை. மயிலாப்பூரில் கச்சேரி சாலையிலிருந்து பிரியும் சந்தில் இருந்தது அந்த மாடி வீடு. கணவன் ஹஸன் பாண்டி பஜாரில் கடிகாரம் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்தான். கமர் வேலை பார்த்தது தி. நகரில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில். பிரசவத்துக்குப் பிறகும் வேலையை விட அவளுக்கு மனமில்லை என்று தெரிந்ததும் கம்பெனியே ஒரு கம்ப்யூட்டரை வீட்டுக்கு அனுப்பியது. கூட வேலை பார்க்கும் வேலு அதை ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, மூச்சு வாங்க மாடி ஏற்றிக் கொடுத்துவிட்டு, தூபாவுக்கு உள்ளங்காலில் கிச்சுக்கிச்சு மூட்டிவிட்டுப் போனான்.

கிடங்குகளில் சரக்கு எண்ணுகிறவர்கள் கையில் வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கருவிக்கு அவர்கள் புரோகிராம் எழுதியிருந்தார்கள். கருவியில் இடம் குறைவு, புரோகிராமோ பெருத்துவிட்டது. திங்கட்கிழமைக்குள் அதை அடக்கிக் காட்டாவிட்டால் வேலை வேறு இடத்துக்குப் போய்விடும். அதனால் கமர் அதைச் சுருக்கித் தர இன்னொரு புரோகிராமை, ஒரு சுருக்கியை, எழுதினாள். குறிப்புகளை அது உதிர்த்தது, நீளப் பெயர்களை ஒற்றை எழுத்தாக்கியது. அதுவும் போதவில்லை. இன்று காலை அவள் இன்னொரு வித்தை சேர்த்தாள். ஒரு வரியைப் பிடுங்கு. மிச்சத்தை ஓட்டிப் பார். விடை மாறினால் வரியைத் திருப்பி வை. மாறாவிட்டால், அது இனி வேண்டாம்.

ஒவ்வொரு வரி ஒழியும்போதும் கம்ப்யூட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போடும். அடுக்களையில் நின்றாலும் வேலை நடப்பது தெரியட்டும் என்று அவள்தான் அப்படி வைத்திருந்தாள்.

துணிகளை நாற்காலியில் உலர்த்திவிட்டு நிமிர்ந்தபோது அறை ஏனோ மங்கலாகத் தெரிந்தது. மழை இருட்டு என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு, சந்துப் பக்கத்துச் சுவரில் இரண்டு ஜன்னல்கள் இருந்ததும், தொட்டிலை இரண்டாவது ஜன்னலுக்கு நேராகக் கட்டியதும் நினைவுக்கு வந்தது. இப்போது தொட்டிலுக்கு நேரே சுவர். பழைய சுண்ணாம்பு, பல வருஷத்து மழைநீர் இறங்கிய பழுப்புக் கறை, அந்தக் கறைக்கு நடுவே ஊர்ந்து போகும் ஒரு எறும்பு வரிசை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ஈரமாக, ஜில்லென்று, கெட்டியாக இருந்தது.

டிக்.

அவள் போனை எடுத்து ஆபீஸுக்குச் சுழற்றினாள். எடுத்தவர் ஸ்ரீவத்சன், கம்பெனியை நடத்துபவர். காலையில் அவள் அனுப்பிய பிரதியைச் சோதித்துப் பார்த்ததாகவும், எதை எடுத்தாலும் ஓடுகிறது, அற்புதம் என்றும் உற்சாகமாகப் பேசிக்கொண்டே போனார். ஜன்னலைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? வீட்டுக்கு வந்து பார்த்தவன் வேலுதான். வேலுவிடம் கொடுங்கள் என்றாள்.

"யாருகிட்ட?"

"வேலு. நம்ம வேலு, சார்."



"ஆரம்பத்துலேர்ந்து நீங்களும் நானும் மட்டுந்தானே பண்ணிண்டிருக்கோம், கமர்," என்றார் ஸ்ரீவத்சன் நிதானமாக. "உடம்பு சரியில்லையா?"

போனை வைத்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து இறங்கிய வேலுவின் நனைந்த சட்டையைக் கண்முன் கொண்டுவந்தாள். முகத்தைக் கொண்டுவர முயன்றாள். மீசை உண்டா, இல்லையா?

டிக்.

திரைக்கு ஓடினாள். கருவிக்கு வேண்டிய அளவுக்கு எப்போதோ சுருங்கிவிட்டிருந்தது புரோகிராம். நிற்க வேண்டிய இடத்தில் அது நிற்கவில்லை. வரி எண்ணிக்கை இறங்கிக்கொண்டே இருந்தது. ஒரு கையால் தூபாவை அணைத்தபடி இன்னொரு கையால் ஒவ்வொரு விசையாகத் தட்டினாள். எதற்கும் அது அசையவில்லை. வாசலுக்குப் போய் மெயினை இறக்கினாள். விசிறி தளர்ந்து நின்றது. திரை அணைந்தது. கம்ப்யூட்டரின் இரைச்சல் அடங்கி, மழை மட்டும் மிச்சமிருந்தது.

டிக்.

துப்பட்டாவை அவிழ்த்து, குழந்தையை நெஞ்சோடு சேர்த்து, தோளிலும் இடுப்பிலுமாகச் சுற்றி இறுக்கி முடிந்தாள். பறக்கும் ரயில் போகும் சத்தத்துக்குக் காது கொடுத்தாள். கால் மணிக்கொரு தரம் கேட்கும் சத்தம் அது. வரவே இல்லை.

தரையில் உட்கார்ந்தாள். எதை எடுத்தால் இந்த வீடு நின்றுபோகும்? ஹஸன் இல்லாவிட்டால் அடுப்பு எரியாது. அவன் வேண்டும். அவள் இல்லாவிட்டால் குழந்தை பிழைக்காது. அவளும் வேண்டும். குழந்தை...

ஐந்து மாதத்துக்கு முன்னால் இந்த வீடு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

"தூபா," என்றாள். குழந்தையின் உச்சியில் மூக்கை வைத்தாள். பவுடர் வாசம். வெதுவெதுப்பு. "தூபா. தூபா." மறக்கக் கூடாது. நிறுத்தாமல் சொல்ல வேண்டும். குட்டி விரல்கள் அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தன. இழுக்கட்டும். அறுந்தாலும் சரி. தூபா. தூபா. து

டிக்.

கீழே கதவு திறந்தது. குடையை உதறும் சத்தம். ஹஸன் மாடியேறி வந்து மெயினைத் தூக்கிவிட்டான். வெளிச்சம் வந்தது.

"இருட்டுல ஏன் உக்காந்துனு இருக்கே?"

"கரண்ட் போயிருச்சுன்னு நெனச்சேன்," என்றாள் கமர்.

மழைக்குக் கடைத்தெருவே காலி, அதனால் சீக்கிரம் பூட்டிவிட்டேன் என்றபடி அவன் ஒரு சமோசாப் பொட்டலத்தை மேஜைமேல் வைத்தான். கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றது. கமர் போய்ப் பார்த்தாள். சுருக்கி வேலையை முடித்திருந்தது. புரோகிராம் கச்சிதமாக அடங்கிவிட்டது, ஓட்டிப் பார்த்தால் பிழையே இல்லை. பல நாள் பாரம் இறங்கியதுபோல் இருந்தது. எதற்காகவோ ரொம்பப் பயந்துவிட்டோம் என்று தோன்றியது. எதற்கென்று பிடிபடவில்லை.

"துப்பட்டாவ என்னாத்துக்கு இப்படிக் கட்டிக்கினே?" என்றான் ஹஸன்.

அவள் குனிந்து பார்த்தாள். தோளையும் இடுப்பையும் சுற்றி இறுக்கமான முடிச்சுகள். நெஞ்சருகே துணி ஒரு பைபோலத் தொய்ந்து கிடந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"தெரியல. குளுருச்சு போல."

முடிச்சை அவிழ்த்தாள். துப்பட்டா நழுவி விழுந்ததும் ஹஸன் அவளையே உற்றுப் பார்த்தான்.

"மழையில நனைஞ்சியா?"

"இல்லியே."

அவள் கமீஸின் மார்பில் இரண்டு ஈர வட்டங்கள், வெதுவெதுப்பாக, மெல்ல அகலமாகிக்கொண்டிருந்தன. இருவரும் அதைப் பார்த்தபடி நின்றார்கள். அவளுடைய இடது கை, எதையோ தாங்குவதுபோல் மடங்கி, முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே இருந்தது. வலது கையால் பிடித்தும் அதை அவளால் நிறுத்த முடியவில்லை.