காலியாக விட்ட கட்டம்

காலையிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அப்ரண்டிஸ் ஒப்பந்தப் படிவம். அதைச் சுற்றி அவளுடைய புருஷன், புருஷனின் அக்கா, பெற்ற மகள். இன்றுதான் கடைசி நாள். மகள் வெல்டிங் படித்துத் தேறி, தொழிற்சாலையில் ஒரு வருஷப் பயிற்சிக்குத் தேர்வும் ஆகியிருந்தாள். ஊழியர் பிள்ளைகளுக்கான இடம் என்பதால், அங்கே பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கும் அம்மாதான் கையெழுத்துப் போடவேண்டும். அவளோ பத்து நாளாகப் பேனாவைத் தொடவில்லை.

காரணத்தைச் சொல்லாமலா இருந்தாள்? தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். 'பிரிவு' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறார்கள், அப்படியே கொடுத்தால் பையன்களை மெஷினுக்கு அனுப்பிவிட்டுப் பெண்களைப் பேக்கிங்குக்குத் தள்ளிவிடுவார்கள், ஒரு வருஷம் அட்டைப்பெட்டியில் லேபிள் ஒட்டியவளுக்கு அப்புறம் எவன் வெல்டர் வேலை கொடுப்பான் என்று கேட்டாள். பதினோரு வருஷமாகக் கண்ணால் பார்க்கிறவள். ஆனால் இந்த வீட்டில் அவள் பேச்சு எடுபட்டால்தானே! முதலில் உள்ளே நுழையட்டும், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்று புருஷன் அதே பாட்டைப் பாடினார்.

நாத்தனார் ஒரு படி மேலே போனாள். "தான் சூப்பர்வைசரா இருக்கிற இடத்துல மக பெரிய ஆளாயிட்டா பொறுக்காது போல" என்று தம்பியிடம் சொல்வதுபோல் சொன்னாள்.

அதைக்கூட அம்மா பொறுத்துக்கொண்டாள். மகள் சொன்னதைத்தான் தாங்க முடியவில்லை.

"என்கூடப் படிச்சவங்க எல்லாரும் சேர்ந்துட்டாங்க. நீயெல்லாம் ஒரு அம்மாவா…? இன்னிக்கு இந்த இடம் போச்சுன்னா, இனி என் மூஞ்சியிலயே முழிக்காதே."

படிவத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிட்டாள்.

மத்தியானம் வரை மகள் பொறுத்துப் பார்த்தாள். அப்புறம், காலில் விழுந்தாவது இடத்தைக் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று பயிற்சி அதிகாரியிடம் ஓடினாள். அவர் படிவத்தை எடுத்து நீட்டினார். கட்டத்தில் 'வெல்டிங் பிரிவு' என்று எழுதி முத்திரை குத்தியிருந்தது. கீழே அம்மாவின் கையெழுத்து.

"உங்கம்மாவா அது? பத்து நாளா டீ நேரத்துல எல்லாம் வந்து என் உயிரை வாங்கிட்டாங்க" என்றார் அவர். "உன்னை வெல்டிங்குக்கு அனுப்பிட்டா பேக்கிங் மேசைக்கு ஆளுக்கு எங்கே போறதுன்னு கேட்டேன். சூப்பர்வைசர் வேலையைப் பக்கத்து லைன்காரங்க பார்த்துக்கட்டும், நானே மேசையில நிக்கிறேன்னு இன்னிக்குக் காலையில எழுதிக் கொடுத்துட்டாங்க."

பேக்கிங் கூடத்தில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். முட்டி வலிக்காரி, மூன்று வருஷமாகத்தான் உட்கார்ந்து பார்க்கும் வேலை கிடைத்திருந்தது. இனி எட்டு மணி நேரமும் நிற்க வேண்டும். மகள் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு விம்மினாள்.

"தெரியாம பேசிட்டேம்மா…"

"தெரியாமலா? பத்து நாளா கத்தினேனே, யார் காதுல வாங்குனீங்க?" அம்மாவுக்கு ஆத்திரம் அடங்கவில்லை. ஆனாலும் கை மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தது. அவள் கண்ணிலும் தண்ணீர் நிற்கவில்லை.

அதற்குள் பெட்டிகள் வந்து குவிந்துவிட்டன. அம்மா ஒரு காலில் பாரத்தைப் போட்டு, மேசையைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தாள். மகளுக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு லேபிளை உரித்தாள்.

"கொஞ்ச நேரம் உட்காரும்மா. இதை நான் ஒட்டுறேன்."

அம்மா அதை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இதுல கை வைக்காதே. நீ இதைத் தொடக் கூடாதுன்னுதான் நான் நிக்கிறேன். போ, உன் இடத்துக்குப் போ."