எலும்பில்லாத கறி

மேபல் தலையைத் தூக்கிப் பார்த்தது. துவைத்த துணிக்கூடையோடு கூடத்துக்குள் வந்த லோர்னா அப்படியே நின்றுவிட்டாள். நேற்று வரை அந்த மலைப்பாம்பால் தலையைத் தூக்க முடியவில்லை. தாடை தொங்கி, முதுகு கோணி, கண்ணாடிப் பெட்டியின் மூலையில் கிடந்தது.

ஏன் அப்படி ஆனது என்பது லோர்னாவுக்கு மட்டும்தான் தெரியும். கணவன் கோர்டி மார்ச்சில் பெரிய ஏரியில் ஓடும் இரும்புத்தாதுக் கப்பலில் ஏறினால், ஏரி உறையும் ஜனவரியில்தான் டுலூத் துறைமுகத்துக்கு, வீட்டுக்குத் திரும்புவான். போனில் அவனுடைய முதல் கேள்வியே, "மேபல் சாப்பிட்டாளா?" என்பதுதான்.

"எலிய முழுசா போடு லோர்னா. எலும்பு, குடல், முடி எல்லாம் உள்ள போகணும். வெறும் கறி அவளுக்குப் பத்தாது."

"எனக்கு எது பத்தும்னு ஒரு நாளாவது கேட்டிருக்கியா?"

"பாம்போட போட்டி போடுறியேடி!" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பில் அவளுக்கு வயிறு எரிந்தது. பாம்புக்கென வாங்கி உறைய வைத்த எலிகளை ஃப்ரீசரிலேயே விட்டுவிட்டு, எலும்பு நீக்கிய கோழிக்கறியை ஒரே ஒரு எலிமேல் தேய்த்து வாசனை ஏற்றி, பத்து மாதமும் அதையே போட்டாள். மேபல் நம்பி விழுங்கியது; எலும்புச் சத்து கிடைக்காமல் அதன் எலும்புகள் மெல்லத் துவண்டுபோயின.

திரும்பி வந்த கோர்டி பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை. பெட்டி முன்னால் மண்டியிட்டு அழுதான். அன்றிலிருந்து பத்து நாளாக இரவெல்லாம் மேபலைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சட்டைக்குள் விட்டு, மார்போடு அணைத்தபடி சோபாவிலேயே படுக்கிறான். பதினோரு வருடத்தில் லோர்னாவை அவன் ஒரு நாளும் அப்படி அணைத்ததில்லை. அவள் மாடியில் தனியாகப் படுத்து, அவன் பாம்போடு கொஞ்சிப் பேசுவதைக் கேட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு மதியம். கூரையிலிருந்து பனி சரிந்து விழும் சத்தம், வீட்டைச் சூடாக்கும் குழாயின் டிக் டிக், ஈரக் கம்பளியின் வாடை, அதற்கும் அடியில் உறைந்த எலியை வெந்நீரில் போட்டால் வருமே அந்த நாற்றம். ஆனால் சமையலறைத் தொட்டி காய்ந்து கிடந்ததை அவள் இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தாள். இன்று யாரும் எலியை வெளியே எடுக்கவில்லை.

மேபல் நகர்ந்தது. உடம்பு தடித்திருந்தது. தாடை கல்லாக இறுகியிருந்தது. உள்ளே ஏதோ உரசியது. கடக். கடக்.

"கோர்டி?"

சோபாவில் கழுத்து வரை போர்த்திக் கிடந்தான். போர்வை தட்டையாக இருந்தது. மிகத் தட்டையாக.

"பா...த்தியா..." நாக்கு குழறியது. "நேரா... நிக்கிறா..."

"என்னைப் பாருடா. ஒரு தடவை என்னைப் பாரு."

போர்வைக்குள் கைவிட்டு அவன் கையைப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. இறுக்கினாள்.

ஐந்து விரலும் அவள் பிடிக்குள் மடங்கின. ஈரக் காலுறை போல. மணிக்கட்டும் மடங்கியது. முழங்கையும்.

எலும்பே இல்லை.

அவளுக்குப் பின்னால் பெட்டியின் மூடி நகர்ந்தது. கோர்டியின் முகம் தலையணையில் மெல்லப் பரவிக்கொண்டிருந்தது. கண்கள் மட்டும் அவள் தோளைத் தாண்டி, மேபலையே ஆசையோடு பார்த்துக்கொண்டிருந்தன.